ஏரிக்கரையில் ஒரு பூஜைத் தட்டு
(தருமபுரியில் இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

மதச்சார்பின்மை பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். தலைப்பைக் கேட்டதும் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆலாபுரம் ஏரிக்கரை போதும்.

2022 ஜூலை 16. ஆலாபுரம் ஏரியைச் சீரமைக்கும் வேலைக்குத் தொடக்க விழா. காவி உடையில் ஒரு புரோகிதர், பூஜைச் சாமான்கள், சுற்றிலும் அதிகாரிகள். அப்போது நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் செந்தில்குமார் வந்து பார்த்துவிட்டு, பொதுப்பணித்துறை அதிகாரியிடம் கேட்டார்: ஒரு மதத்தின் சடங்கை மட்டும் வைத்து அரசு விழா நடத்தக் கூடாதென்று தெரியுமா, தெரியாதா? கிறிஸ்தவர் எங்கே, இஸ்லாமியர் எங்கே, மதமே இல்லாதவர்கள் எங்கே, திராவிடர் கழகத்துக்காரர்கள் எங்கே? அந்தக் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பூஜை நின்றது.

கேட்டது சரி. அதைக் கேட்க 2022 வரை ஆனதுதான் வியப்பு. அரசு அலுவலகங்களில் கடவுள் படங்கள் வேண்டாம் என்று அண்ணா முதலமைச்சராக இருந்த 1968-லேயே சுற்றறிக்கை போனது. இன்றைக்கு எந்தத் தாலுகா அலுவலகத்துக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அந்தச் சுற்றறிக்கை என்ன ஆனதென்று சுவரே சொல்லும்.

ஆனால் ஓரிடத்தில் நான் அவரிடமிருந்து விலகுகிறேன். எல்லா மதத்தாரையும் கூப்பிட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? ஐயர், ஃபாதர், இமாம் மூவரும் வரிசையாக நிற்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வரிசையில் காலனிக்காரன் எங்கே? கணக்கெடுப்பில் என்னை இந்து என்று எழுதிக்கொள்கிறார்கள். அதனால் ஐயர் செய்கிற பூஜை எனக்கும் சேர்த்துத்தான் என்றாகிவிடுகிறது. என்னைக் கேட்டது யார்?

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி திறந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, தட்டு சுற்றி வந்தது. முதலில் அதிகாரி, அடுத்து ஊர்ப் பெரியவர்கள், அடுத்து காண்ட்ராக்டர். காலனியின் வார்டு உறுப்பினர் ஒரு பெண். தேர்தலில் நின்று ஜெயித்தவர். தட்டு அவர் பக்கம் வரவே இல்லை. வேண்டுமென்று செய்தார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அந்தத் தட்டுக்குப் போகத் தெரிந்த வழி அவ்வளவுதான். கோயில் முதல் மரியாதையில் எந்த வரிசையோ, அதே வரிசை அரசுத் தொட்டிக்கும் வந்துவிட்டது. ரிப்பன் வெட்டியிருந்தால் அந்த அம்மாவும் கத்தரியைப் பிடித்திருப்பார்.

‘விவசாயி ஏரி நிரம்ப வேண்டுமென்று சாமி கும்பிடுவது தப்பா?’ என்று கேட்பார்கள். தப்பே இல்லை. என் அம்மாவும் கும்பிடுகிறவர்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஏரிக்கரைகளில் காலங்காலமாக உட்கார்ந்திருப்பவர் முனியப்பன். முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கிற பூசாரியை எந்தத் துறையாவது அடிக்கல் நாட்டுக்கு அழைத்து நான் பார்த்ததில்லை. அழைப்பு போவது சமஸ்கிருத மந்திரத்துக்கு மட்டும்தான். மக்கள் நம்பிக்கை என்று அவர்கள் சொல்லும்போது எந்த மக்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

2012 நவம்பர் 7-ஐ இந்த மாவட்டத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. எரித்தவர்களும், எரிந்த வீட்டுக்காரர்களும் அரசுப் பதிவேட்டில் பெரும்பாலும் ஒரே மதம். இந்து பூஜை எல்லோருக்கும் பொது என்று தருமபுரியில் நின்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். உறுப்பு 25 மத உரிமை தருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எப்படி ஆரம்பிக்கிறது என்பதைப் படியுங்கள். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், அப்புறம் அடிப்படை உரிமைகள் பகுதியின் மற்ற விதிகள் — இத்தனைக்கும் உட்பட்டுத்தான் அந்த உரிமை. அந்த மற்ற விதிகளில் தீண்டாமையை ஒழிக்கும் 17-வது உறுப்பும் இருக்கிறது. அதே 25-க்குள், இந்துப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம் என்று அரசுக்கு அதிகாரமும் இருக்கிறது. சென்னை மாகாணம் அதற்கும் முன்பே, 1947-ல், ஆலய நுழைவுச் சட்டம் போட்டுவிட்டது.

இதை யார் நடைமுறைப்படுத்துவது? தாசில்தார், ஆர்.டி.ஓ., டி.எஸ்.பி. கோயிலுக்குள் விட மாட்டேன் என்று ஊர் மறிக்கும்போது அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவது இவர்கள்தான். போன மாதம் அதே ஊர்க்காரர்கள் கையால் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்ட அதிகாரி, இந்த மாதம் நடுநிலையாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவார் என்று காலனி எப்படி நம்பும்? வீட்டில் அவர் என்ன சாமி கும்பிட்டாலும் எனக்குக் கவலையில்லை. பதவியோடு, அரசு வண்டியில் வந்து இறங்கிக் கும்பிடும்போது அவர் ஒரு பக்கத்து ஆளாகிவிடுகிறார். ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் 1976-ல்தான் முகப்புரையில் சேர்ந்தது என்று சிலர் வாட்ஸ்அப்பில் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். 17-ம் 25-ம் அதற்கு முன்பே இருந்தவை. அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அரசு பக்தனாக முடியாது.

‘பூஜைச் செலவு காண்ட்ராக்டர் பணம், அரசுப் பணம் இல்லையே’ என்பது அடுத்த வாதம். ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்க்கவென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்ட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று உறுப்பு 27 சொல்வதால் வருகிற சமாளிப்பு இது. தேங்காய் அவர் பணம், சரி. இடம், நேரம், மேடை, அதிகாரியின் சம்பளம் எல்லாம் யாருடையவை?

நீதிமன்றத்துக்குப் போனால் தீர்ந்துவிடுமா? குஜராத் உயர்நீதிமன்றத்தின் புதிய கட்டடத்துக்கே 2010-ல் பூமி பூஜை நடந்தது. அதை எதிர்த்து ராஜேஷ் சோலங்கி என்ற தலித் செயற்பாட்டாளர் வழக்குப் போட்டார். 2011-ல் அதே நீதிமன்றம் மனுவைத் தள்ளியதோடு அவருக்கு 20,000 ரூபாய் அபராதமும் போட்டது. மறுபக்கமும் உண்டு. 2024 மார்ச்சில் பிம்ப்ரி-சிஞ்ச்வாட்டில் நீதிமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பேசிய உச்ச நீதிமன்ற நீதிபதி அபய் ஓகா, நீதித்துறை நிகழ்ச்சிகளில் பூஜையை நிறுத்திவிட்டு அரசியலமைப்பின் முகப்புரைக்குத் தலை வணங்கலாம் என்றார். அது மேடைப் பேச்சு, தீர்ப்பு அல்ல. குஜராத்தில் வந்தது தீர்ப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

டெல்லியையும் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன். 2023 மே 28-ல் புதிய நாடாளுமன்றம் திறந்தபோது ஆதீனங்கள் இருந்தார்கள், செங்கோல் இருந்தது, யாகம் இருந்தது. குடியரசுத் தலைவரான பழங்குடிப் பெண் திரௌபதி முர்மு அழைக்கப்படவில்லை. தண்ணீர்த் தொட்டியில் தட்டு வராத அந்த வார்டு உறுப்பினரைச் சொன்னேனே, அவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னபோது சிரித்தார்.

செய்ய முடிகிற ஒரு வேலை சொல்கிறேன். கிராம சபை கூடும்போது ஒரு தீர்மானம் கொண்டுபோங்கள். நம் ஊராட்சியில் அரசுப் பணத்தில் நடக்கும் எந்த வேலையும் முகப்புரையை வாசித்துத் தொடங்க வேண்டும், வாசிப்பவர் அந்த வேலையில் மண்வெட்டி பிடிக்கப்போகும் வேலைக்காரரில் ஒருவராக இருக்க வேண்டும். எதிர்ப்பு வரும், தலைவர் பதிவேட்டை மூடப் பார்ப்பார். எழுத்தில் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மான வாசகத்தின் நகல்கள் வாசலில் இருக்கின்றன, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.