குடியினின்று மீள்வோர் கூட்டங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையிற் குடியைப் பற்றிப் பேசுதல் பொருத்தமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். ஆண்டுதோறும் நம் சிறுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஒப்பித்துப் பரிசு பெறுகின்றனர். நாமும் கைதட்டி மகிழ்கின்றோம். ஆயினும், குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை என்றால், 95ஆம் அதிகாரம் மருந்து என்பதை நாம் மறத்தலாகாது. குடியைப் பழிக்கும் சொல் நம்மிடம் மிகுதி. குடியில் அகப்பட்டவருக்கு வழிகாட்டும் சொல்லே குறைவு.

சொந்த ஊரிலாயின் பெரியப்பாவோ தாய்மாமனோ இடித்துரைக்க முன்வருவர். இங்கே அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளுக்குள் மனைவி ஒருத்தியே அத்துயரைச் சுமக்கின்றாள். கணவனுக்குக் காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புகின்றாள். அண்டை வீட்டார் அறியாவண்ணம் கதவை அடைத்துக்கொள்கின்றாள். இஃது ஒரு வீட்டின் கதையன்று. மைய அரசுக்காக எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடியால் ஏற்பட்ட கேட்டுக்கு உதவி தேவைப்படுவோர் நம் நாட்டில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர்.

இத்தகையோர்க்கு உதவும் ஓர் இயக்கம் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்பது, சுருக்கமாக ஏ.ஏ. என்பர். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் என்னும் பங்குத் தரகரும் பாப் என்னும் அறுவை மருத்துவரும் இதனைத் தொடங்கினர். இருவரும் குடியால் நொந்தவர்கள். ஒரு குடியரின் துன்பத்தை மற்றொரு குடியரே முற்ற உணர்வார் என்பதுதான் அவர்கள் கண்ட உண்மை. 1957 முதல் இவ்வியக்கம் இந்தியாவிலும் நடைபெற்று வருகின்றது.

கூட்டத்தில் யாது நடக்கும்? சுமார் ஒன்றரை மணி நேரம் அமர்ந்து, ஒருவர்பின் ஒருவராகத் தம் அனுபவத்தைக் கூறுவர். இடைமறித்தலும் அறிவுரை கூறலும் இல்லை. முதல் நாளில் வாய்திறவாது கேட்டிருப்பினும் குற்றமில்லை. கட்டணம் இல்லை, விரும்புவோர் இடுகின்ற சிறு காணிக்கையால் வாடகையும் தேநீரும் நடைபெறும். முழுப்பெயரோ பதவியோ கேட்கமாட்டார்கள். குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. 'இனி வாழ்நாளெல்லாம் குடியேன்' என்னும் சபதத்தையும் அவர்கள் வேண்டுவதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருத்தலே குறிக்கோள். பல கூட்டங்கள் தேவாலயக் கட்டடங்களில் நடப்பதால், மதமாற்றமோ என்று நம்மவர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் வேண்டா, அஃது இடவசதி கருதியதே. இறைமையைப் பற்றி அங்கே பேசுவார்கள். எனினும், அவரவர் கருதியபடியே அதனைக் கொள்ளலாம்.

கூட்டத்தைக் கண்டறிதல் அரிதன்று. இயக்கத்தின் இணையதளத்தில் ஊர்வாரியான பட்டியல் உண்டு. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். மைய அரசின் போதைமீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. பின்னதில் தமிழிலும் பேசலாம். தமிழிற் பேசினாலன்றி மனம் திறவாது என்போர், தமிழ்க் கூட்டம் எங்குள்ளது என வினவி, கைப்பேசி வழியாகவும் கலந்துகொள்ளலாம். ஒரு குழு மனத்துக்கு ஒவ்வாவிடின் வேறொரு குழுவுக்குச் செல்க. ஒருமுறை சென்று முடிவு செய்தல் வேண்டா.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதலிரு நாட்களில் நடுக்கமும் வலிப்பும், பின்னர்ச் சித்தப் பிரமையும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின், முதலில் மருத்துவரைக் காணல் வேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றன்று, துணையே.

இதனாற் பயனுண்டோ? 10,565 பேரைப் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில், ஏ.ஏ. வழியில் ஆற்றுப்படுத்தும் முறைப்படியான சிகிச்சை பிற உளவியற் சிகிச்சைகளை விஞ்சியது எனக் கண்டது. எல்லோரையும் மீட்கும் என்று எவரும் உறுதி கூறார். இடையில் வழுக்கி விழுந்தவர் மீண்டும் வரின், அங்கே ஏச்சு இல்லை, நாற்காலி உண்டு.

தாய்மார்களே, உங்களுக்கும் இடமுண்டு. குடியரின் குடும்பத்தார்க்கு 1951 முதல் 'அல்-அனான்' என்னும் தனி இயக்கம் உள்ளது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 'அலட்டீன்' உண்டு. கணவன் இன்னும் கூட்டத்துக்குச் செல்ல இசையாவிடினும் மனைவி செல்லலாம். அவன் குடிக்குத் தான் காரணமல்லள் என்று அங்கே தெளிவு பெறுவாள்.

நம் சங்கம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, மேற்சொன்ன எண்களை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தல். இரண்டாவது, ஏதேனும் ஒரு குழு கேட்குமாயின், நூலக அறையை வாரத்தில் ஒரு மாலை குறைந்த வாடகைக்குத் தருதல்; வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை, ஆதலின் வாடகை பெறுதலே முறை. அம்மாலையில் நம்முள் எவரும் அப்பக்கம் எட்டிப் பார்த்தலாகாது. மூன்றாவது, நாவடக்கம். 'இன்னார் அங்கே போகிறாராம்' என்னும் ஒரு சொல், தயங்கித் தயங்கிப் படியேறிய ஒருவரைத் திரும்பிப் போகச் செய்துவிடும். விருந்துகளில் 'ஒரு வாய்தானே' என்று வற்புறுத்தும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். மீண்டு வருபவருக்கு அந்த ஒரு வாயே பெருங்கேடு.

பொங்கலுக்கும் திருமணத்துக்கும் ஒன்றுகூடும் நாம், இத்துன்பத்திலும் ஒருவர்க்கொருவர் துணைநிற்போமாக.