கற்றுக்கொடுப்பதும் ஒரு கொடை



"படிக்காவிட்டால் தறியில்தான் உட்காரணும்!" மதிப்பெண் குறைந்தால் ஆரணி நெசவாளர் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. இதில் பிள்ளையும் புண்படுகிறது. வீட்டுக்குச் சோறு போடும் தறியும் இழிவுபடுகிறது.

விடுதலைப் பயண நூல் வேறு விதமாகப் பேசுகிறது. திருஉறைவிடம் அமைக்க ஆண்டவர் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைத்தார். தம் ஆவியால் நிரப்பினார். நெசவாளரின் திறமையும் கடவுள் தந்ததே என்கிறது அந்நூல். பெட்சலேலுக்கும் ஒகொலியாபுக்கும் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் ஆற்றலையும் அவரே அருளினார் (விப 35:30-35). வேலை தெரிவது ஒரு கொடை. அதைச் சொல்லித்தருவது மற்றொரு கொடை.

பாவில் இழை அறுந்தால் என்ன செய்கிறோம்? தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிச்சுப் போடுகிறோம். ஓர் இழைக்காகப் பாவையே வெட்டி எறிவதில்லை. கணக்கு வராத பிள்ளைக்கும் எந்த இடத்தில் அறுந்தது என்று தேட வேண்டாமா? பிள்ளைகளைச் சினமூட்டி ஊக்கம் இழக்கச் செய்யலாகாது என்பதே தூய பவுல் தந்தையருக்குத் தரும் அறிவுரை (கொலோ 3:21).

இன்று மாலை தறியைச் சற்று நிறுத்துங்கள். எந்தப் பாடம் புரியவில்லை என்று பிள்ளையிடம் திட்டாமல் கேளுங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால், ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். கற்றுக்கொடுக்கும் பொறுமையை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.