தாதையும் பெற்ற பேறு

சேய்ஞலூர் விசாரசருமர் மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டி வழிபட்டார். தந்தை எச்சதத்தன் பாற்குடத்தைக் காலால் இடறினான். மைந்தர் எடுத்த கோலே மழுவாகி அக்கால்களைத் துணித்தது. பெருமான் தாமே தந்தையாகி, அவருக்குச் சண்டீசப் பதம் அருளினார்.

இவ்வளவில் வரலாற்றை முடிப்பார் பலர். எச்சதத்தனும் பிழை நீங்கிச் சுற்றத்தோடு சிவலோகம் எய்தினான் எனச் சேக்கிழார் பெருமான் அருளியதை மறக்கலாகாது. பிழைத்த தந்தையை இறைவனே கைவிடவில்லை, நாம் கைவிடலாமோ?

தந்தையோடு பிணங்கிப் பேச்சற்றிருக்கும் மைந்தர் இவ்வவையிலும் இருக்கலாம். தந்தை இறுதிப் படுக்கையில் கிடப்பாராயின், அவரே முதலில் வருந்தி அழைக்கட்டும் எனக் காத்திராதீர்கள். நாளை வாய்க்கரிசி இடப்போகும் கை, இன்றே ஒரு மிடறு நீர் வார்க்கட்டும். நெற்றியில் திருநீறு பூசட்டும். சிராப்பள்ளிக் குன்றில் எழுந்தருளிய தாயுமானவர் துணைநிற்பாராக!