மணலுக்குள் ஓடும் பொன்முகலி

திருப்பதிக்குப் போகாத தமிழ்க் குடும்பம் அநேகமாக இல்லை. ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் ரேணிகுண்டா தாண்டியதும் எல்லார் கண்ணும் மலை மேல் போய்விடும். அதோ ஏழுமலை என்று குழந்தைகளுக்குக் காட்டுவோம், கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அந்த மலையின் காலடியில் ஓர் ஆறு கிடக்கிறது. தாயாரைச் சேவிக்கத் திருச்சானூர் போகும்போது அதன் பக்கத்திலேயே போய் வருகிறோம். வெறும் மணல், நடுவில் கோரைப்புல், எங்கேயோ நாலு எருமை. இது ஆறா என்றுகூடக் கேட்கத் தோன்றாது.

அதன் பெயர் சுவர்ணமுகி. நம் திருமுறைக்காரர்கள் வைத்த பெயர் பொன்முகலி. சித்தூர்ச் சீமையில் பாகாலா பக்கத்து மலைகளில் பிறக்கிறது. சந்திரகிரி, திருப்பதி, ஏர்ப்பேடு, காளஹஸ்தி, நாயுடுபேட்டை என்று சுமார் 130 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலில் சேருகிறது. சிறிய ஆறுதான். ஆனால் ஒரு சிறிய ஆறு இத்தனை ஊர்களையும் இத்தனை நூற்றாண்டுகளையும் எப்படித் தாங்கியது என்பதுதான் இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது.

நான் சந்திரகிரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. பங்குனி சித்திரையில் ஊர்க் கிணறு அடி தட்டிவிடும். அப்போது எங்கள் ஆயா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவாள். நானும் பின்னாலேயே ஓடுவேன். சுடு மணலில் கால் வைக்க முடியாது. அவள் ஓர் இடத்தைப் பார்த்து உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை வாரி வாரிப் போடுவாள். முழங்கை ஆழம் போனதும் மணல் நிறம் மாறும். இன்னும் ஒரு சாண் தோண்டினால் அடியில் நீர் சுரந்து நிற்கும். தெலுங்கில் அதற்குச் செலமை என்று பெயர், நமக்கு ஊற்று. முதலில் சுரக்கும் கலங்கலைக் கொட்டாங்குச்சியால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, ‘பொறுடா, தெளியட்டும்’ என்பாள். தெளிந்த பிறகு கொட்டாங்குச்சி கொட்டாங்குச்சியாக மொண்டு, வெள்ளைத் துணி கட்டிய குடத்தில் ஊற்றுவாள். ஒரு குடம் நிறைய அரை மணி ஆகும். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் நாக்கு மறக்கவில்லை.

அது ஏதோ ஏழைகளின் கடைசி வழி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்கின் முழு வாழ்வும் அந்த ஊற்றின் தத்துவத்தில்தான் நின்றது. அங்கே ஆடியில் கொஞ்சம் மழை, ஐப்பசி கார்த்திகையில் கடலில் புயல் சின்னம் உண்டானால் நிறைய மழை. வெள்ளம் நாலைந்து நாள் வரும், போய்விடும். ஆனால் போகிற போக்கில் மணலை நிரப்பிவிட்டுப் போகும். பருமணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். ஒரு கன மீட்டர் மணல் சுமார் 200 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துத் திருப்பித் தரும். ஏரித் தண்ணீரை வெயில் குடித்துவிடும். மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீரை வெயிலால் அவ்வளவு எளிதில் தொட முடியாது. அதனால் இந்த ஆறு மேலே காய்ந்தும் கீழே ஓடிக்கொண்டும் இருந்தது. பாலாற்றில் செய்தது போலவே, மணலில் நீளமாகக் கால் வெட்டி, ஊறும் தண்ணீரைக் கரையோர வயல்களுக்கு இட்டுச் சென்றார்கள். ஊற்றுக்கால் என்று அதைச் சொல்வார்கள். மின்சாரம் வேண்டாம், எஞ்சின் வேண்டாம். ஊரார் ஒன்றுகூடி வருஷா வருஷம் மண்வெட்டி பிடித்தால் போதும்.

சந்திரகிரிக் கோட்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விஜயநகர அரசு தேய்ந்த காலத்தில் அதன் தலைநகராக இருந்த இடம். அதற்குச் சற்றுக் கிழக்கே தொண்டவாடா என்ற ஊரில் பீமா, கல்யாணி என்ற இரண்டு சிற்றாறுகள் சுவர்ணமுகியோடு சேருகின்றன. அந்தக் கூடலில் அகத்தீசுவரர் கோயில். 1970களில் கல்யாணியின் குறுக்கே அணை கட்டியதும் அந்தத் தண்ணீர் திருப்பதி நகரத்துக்கும் மலைக்கும் போயிற்று. யாத்ரீகர்களுக்குத் தண்ணீர் வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து ஆற்றின் பங்கு குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே நான் மிகவும் மதிக்கும் ஒரு பழங்கால நடைமுறையைச் சொல்கிறேன். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. 1930களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. விஜயநகரக் காலக் கல்வெட்டுகளைப் படித்தால், ஒரு பக்தர் இத்தனை நற்பணம் காணிக்கை தந்தார் என்று வரும். அந்தப் பணத்தை என்ன செய்தார்கள்? உண்டியலில் பூட்டி வைக்கவில்லை. கோயிலுக்குச் சொந்தமான திருவிடையாட்ட ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் போட்டார்கள். தண்ணீர் வந்ததால் விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலிலிருந்து அந்த பக்தர் பேரால் பெருமாளுக்குத் தினமும் திருப்போனகம் படைத்தார்கள். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு, பணம் தந்தவருக்கு உரியது. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். எவ்வளவு அழகான சொல், பாருங்கள்! பெருமாளுக்கு அமுது, பக்தருக்குப் புண்ணியத்தோடு பிரசாதம், உழவனுக்கு ஏரி. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் படிக்கும் கட்டுரையாயிற்று. திருப்பதியைச் சுற்றியுள்ள ஊர் ஏரிகளைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றில் எத்தனை ஏரி யாரோ ஒருவரின் வேண்டுதலோ என்று எனக்குத் தோன்றும்.

ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே இந்த நிலத்தின் கதை தெரியும். ஏர்ப்பேடு, தொட்டம்பேடு என்ற பேடுகள் பழைய தொண்டை மண்டலத்துப் பெயர்கள். தும்மலகுண்டா என்றால் கருவேல மரங்கள் நின்ற குட்டை. குண்டா, செருவு, மடுகு என்று பாதிப் பெயர்கள் தண்ணீரில் முடியும். இன்று அந்தக் குட்டைகளில் பல வீட்டு மனைகளாகிவிட்டன.

ஆற்றோடு கிழக்கே போனால் குடிமல்லம். கரையோரத்துச் சிறிய கிராமம். அங்கே பரசுராமேசுவரர் கோயில் கருவறைக்குள், தூங்கானை மாடத்துக்கு அடியில், சற்றுப் பள்ளத்தில் ஒரு லிங்கம் நிற்கிறது. ஏறக்குறைய ஐந்தடி உயரம். அதன் முன்பக்கத்தில் ஒரு வேடன் போலச் சிவன். ஒரு கையில் ஆட்டுக்கடாவைப் பின்னங்கால்களில் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறான். இன்னொரு கையில் நீர்க் கெண்டி, தோளில் மழு. காலடியில் குந்திய குள்ளன் ஒருவன் அவனைத் தாங்குகிறான். பூணூல் இல்லை. டி. ஏ. கோபிநாத ராவ் ஒரு நூற்றாண்டுக்கு முன் இதை உலகுக்குச் சொன்னார். கிறிஸ்துவுக்கு முந்தையது என்பது பல அறிஞர்கள் முடிவு. அப்படியானால் இன்றும் வழிபாட்டில் இருக்கும் மிகப் பழைய லிங்கங்களுள் ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கோயில் கல்வெட்டுகள் இந்த ஊரைத் திருவிப்பிரம்பேடு என்கின்றன. பல்லவர், வாணர், சோழர் எல்லாரும் இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். பெருவெள்ளக் காலத்தில் கருவறைப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி லிங்கத்தை நனைக்கும் என்று ஊரார் நம்புகிறார்கள். ஆற்று மணலுக்கு அடியில் நீர் நடக்கும் ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை பிறந்தது எனக்கு வியப்பாக இல்லை.

குடிமல்லத்துக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டை. நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைச் சுற்றி, மறுபக்கம் கொக்கியால் மெல்லிய நாளமாக இழுத்து, அதை நறுக்கிப் பாசிமணி செய்வார்கள். புதுச்சேரி அரிக்கமேட்டில் கிடைத்த பழம் மணிகளும் இதே போல இழுத்துச் செய்தவைதான் என்று ஆய்வாளர்கள் இந்த ஊர்ச் சூளைகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

இன்னும் கிழக்கே தொண்டமநாடு. சோழர் வரலாறு படித்தவர்களுக்குத் தொண்டைமானாற்றூர் என்றால் தெரியும். சஹ்யமலை முதல் கடல் வரை காவிரியின் இரு கரையிலும் சிவனுக்குக் கற்கோயில்கள் எடுத்தான் என்று அன்பில் செப்பேடு புகழும் முதலாம் ஆதித்த சோழன் இறந்தது இந்த ஊரில்தான். மகன் பராந்தகன் இங்கே பள்ளிப்படை எழுப்பினான். காவிரிக்காரன் கண்மூடிய இடம் பொன்முகலிக் கரை.

காளஹஸ்தியை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கண்ணப்பர் தம் வாயில் நீர் கொண்டுவந்து இறைவனுக்குத் திருமஞ்சனம் ஆட்டினார் என்று சேக்கிழார் பாடுகிறாரே, அந்த நீர் இந்த ஆற்று நீர்தான். இதே நீரில் இன்னொரு தொழிலும் நடந்தது. கலம்காரி. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவம் கீறுவார்கள். மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி நூலைச் சுற்றியதுதான் கலம். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் புளிக்க வைத்த கசிமியை அதில் தொட்டு எழுதினால், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். பிறகு படிகாரம், பிறகு சாயவேர். ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கரைந்த சாயம் மறுபடி துணியிலேயே பற்றிக்கொண்டு கறையாகிவிடும். அதனால்தான் அந்தக் கலை கோயிலடியில் மட்டுமல்லாமல் ஆற்றடியிலும் வளர்ந்தது. அலசிய துணியை அந்த வெள்ளை மணலிலேயே விரித்துக் காயவைப்பார்கள். இன்று ஆறு காய்ந்திருக்கும் மாதங்களில் போர்த் தண்ணீரைத் தொட்டியில் விட்டு அலச வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் மனம் வெதும்பிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மணல் போய்விட்டது. முப்பது நாற்பது வருஷமாக லாரி லாரியாக, டிராக்டர் டிராக்டராகப் போயிற்று. திருப்பதி வளர்ந்தது, சென்னை வளர்ந்தது, எல்லாருக்கும் வீடு வேண்டும். ஆனால் ஒவ்வொரு லாரி மணலோடும் அது பிடித்து வைக்கக்கூடிய தண்ணீரும் என்றென்றைக்குமாகப் போகிறது. மணல் அள்ளிய பள்ளத்தில் களிமண் தெரிகிறது. எங்கள் ஆயா ஊற்று பறித்த இடத்தில் இன்று ஆளுயரக் குழி, சீமைக்கருவேல். கரைக் கிணறுகள் வற்றின. ஊற்றுக்கால் என்ற சொல்லே என் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆந்திரத்தில் 2002லேயே நீர், நிலம், மரம் காக்கும் சட்டம் வந்தது. நிலத்தடி நீரைக் கெடுக்கும் மணல் அள்ளலுக்கு அதில் தடை உண்டு. சட்டம் இருந்தும் மணல் போயிற்று.

2017 ஏப்ரல் 21ஆம் தேதி முனகலபாளையம் என்ற கிராமத்து விவசாயிகள் ஏர்ப்பேடு போலீஸ் நிலையத்துக்கு முன்னால் திரண்டு நின்றார்கள். எங்கள் ஆற்று மணலை அள்ளாதீர்கள் என்று முறையிட வந்தவர்கள். நெடுஞ்சாலையில் கட்டுப்பாடு இழந்து வந்த ஒரு லாரி அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தது. பலர் அங்கேயே இறந்தார்கள். ஆற்றுக்காக நின்ற அந்த உழவர்களை ஆந்திரத்துக்கு வெளியே எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்?

அதே ஆறு 2021 நவம்பரில் வேறு முகம் காட்டியது. இரண்டு நாள் கொட்டிய மழையில் சுவர்ணமுகி கரை கொள்ளாமல் வந்தது. திருச்சானூர்ப் பக்கம் கரையோர மாடிவீடு ஒன்று அப்படியே சரிந்து வெள்ளத்தில் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படும் ராயலசெருவின் கரையில் நீர் கசிய, கீழேயிருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள். மணல் நிறைந்த அகலமான ஆறு வெள்ளத்தைப் பரப்பி மெல்ல உள்ளே வாங்கும். குழியும் ஆக்கிரமிப்புமாகக் குறுகிய ஆறு அதைச் செய்ய முடியாது. நான் அப்படித்தான் அந்த வெள்ளத்தைப் புரிந்துகொள்கிறேன்.

2022 ஏப்ரல் 4ஆம் தேதி சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள். பழைய வட ஆர்க்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் பிரிந்தது, இப்போது அதிலிருந்து இது. எல்லைக் கோடு எத்தனை முறை மாறினாலும் ஆறு ஒன்றுதான். அதைப் பார்க்க நமக்கு மொழியும் தடையில்லை, தூரமும் தடையில்லை.

அடுத்த முறை மலைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரேணிகுண்டாவிலிருந்து பாப்பாநாயுடுபேட்டை வழியாகக் குடிமல்லம் போகலாம். மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதம் என்றால் நல்லது. கோயிலைப் பார்த்துவிட்டு ஆற்றுக்குள் இறங்கி, மணல் மிச்சமிருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, குழந்தைகளைக் கையால் தோண்டச் சொல்லுங்கள். தண்ணீர் வந்தால் தெளியும் வரை காத்திருங்கள்.