வீட்டுப் பக்கத்து மண்பாதைகள்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



“ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பக்கமெல்லாம் சைக்கிள் ஓட்டுகிறீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்” என்று கேட்டார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலைச் சைக்கிள் என்றதும் நமக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் நினைவுக்கு வரும், அல்லது ஊட்டி. நான் ஓட்டுவது இங்கே, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், என் பள்ளியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். பெரும்பாலும் கண்மாய்க்கரை, பொட்டல், தைலமரக் காட்டு ஓரம். அவ்வளவுதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலைச் சைக்கிள் என்ற வண்டியே அப்படித்தான் பிறந்தது. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மாரின் கவுண்டி என்ற பகுதியில் சில இளைஞர்கள் பழைய, தடித்த டயர் வைத்த சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, ஊருக்குப் பின்னாலிருந்த குன்றுகளின் மண்பாதைகளில் இறங்கி ஓட்டினார்கள். தீயணைப்பு வண்டி போவதற்காகப் போட்ட பாதைகள் அவை. 1976-இல் அங்கே ஒரு பந்தயத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கரப் பிரேக்கிலுள்ள கிரீஸ் சூட்டில் எரிந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் வந்த பெயர் அது. மறு ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் இந்த ஓட்டத்துக்கென்றே புதிய சட்டகம் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் தொடக்கம், வீட்டுக்குப் பின்னால் இருந்த பாதையை ஒருவர் கவனித்துப் பார்த்ததுதான்.

நமக்கு அவ்வளவு பெரிய இறக்கம் இல்லை. ஆனால் நம்மிடம் இருக்கும் ஒன்று அவர்களிடம் இல்லை. கண்மாய்களைச் சொல்கிறேன்.

நான் சமூக அறிவியல் ஆசிரியர் என்பதால் பாதை தேட முதலில் எடுத்தது இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடம். டோப்போ ஷீட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1:50,000 அளவை, இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வண்டிப்பாதை, ஒற்றையடிப்பாதை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. ஆனால் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றுதான். நார்த்தாமலைக் குன்றுகளை விட்டால் நம் பக்கத்தில் அந்தக் கோடுகள் எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று. நாலு மீட்டர் ஆழ ஓடை ஒன்று குறுக்கே கிடந்தால் அந்தக் கோடுகள் அதைச் சொல்லாது. நம் முழங்கால் சொல்லும்.

அப்போதுதான் கண்மாய்களைப் பார்க்கத் தொடங்கினேன். வரைபடத்தில் ஒவ்வொரு கண்மாய்க்கும் கரை ஒரு பக்கம் வில்லாக வளைந்திருக்கும். கரை இருக்கும் பக்கம் தாழ்வு, உள்வாய்ப் பக்கம் மேடு. மேல் கண்மாய் நிறைந்தால் உபரி நீர் கலிங்கு வழியாக வழிந்து, வாரியில் ஓடி, கீழ்க் கண்மாய்க்குப் போகும். அங்கிருந்து அதற்கும் கீழே. இப்படியே சங்கிலியாகத் தென்கிழக்கே கடலை நோக்கிப் போகிறது நம் நிலம். இந்தச் சங்கிலியில் ஒரு கரையைப் பிடித்து அடுத்த கரைக்குப் போனால், மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும் ஒரு சைக்கிள் தடம் கிடைத்துவிடுகிறது. யாரும் சைக்கிளுக்காகப் போட்டதில்லை. தண்ணீர் தேர்ந்தெடுத்த வழி அது. கரைமேல் பெரும்பாலும் மாட்டுவண்டியோ டிராக்டரோ போன தடம் இருக்கும், ஓரத்தில் பனையோ புளியோ நிற்கும்.

கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தும் தேடலாம். செம்மண் பாதை அதில் வெளிறிய கோடாகத் தெரியும். சீமைக்கருவேலம் மூடிய இடத்தில் ஒன்றும் தெரியாது. வாரியும் பாதைபோலவே தெரிந்து ஏமாற்றும். ஆகவே மனிதர்களைக் கேட்பதே மேல். ஆடு மேய்ப்பவர், மாடு மேய்ப்பவர், பால் ஊற்ற வருபவர், நூறு நாள் வேலையில் வரத்துக்கால் வெட்டிய அம்மாக்கள். இவர்களுக்குத் தெரியாத பாதை கிடையாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆட்டுத்தடத்தைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு, மாட்டுத்தடம் எங்கே என்று கேளுங்கள். ஆடு முள்ளுக்கடியில் புகுந்து போய்விடும், நாம் போக முடியாது. மாடு போகும் வழியில் சைக்கிள் போகும்.

அடுத்தது மண். செம்புராங்கல் பூமி தண்ணீரைச் சீக்கிரம் வடிக்கும். மழை விட்ட மறுநாளே ஓட்டலாம். கண்மாய் உள்வாயின் வண்டல் அப்படியல்ல. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கரைகளை விட்டுவிடுங்கள். தை முதல் பங்குனி வரை நல்ல காலம், அதுவும் காலை ஒன்பது மணிக்குள். புதுத்தடம் என்றால் நான் முதலில் நடந்துதான் பார்ப்பேன். பிறகு இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்ப்பேன். போகும்போது சுகமாக இருந்த சரிவு திரும்பும்போது வேறு முகம் காட்டும்.

கியர் சைக்கிள் வேண்டுமா என்று கேட்பீர்கள். பிள்ளைகள் ஆசைப்படும் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டிகளில் அந்த ஸ்பிரிங் எடையைக் கூட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடங்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டியே போதும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கக் கூடாது. காற்றைக் கல்போல் அடைக்காமல் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கருவேல முள்ளுக்கு மட்டும் பஞ்சர் ஒட்டும் சாமானும் பம்பும் எப்போதும் பையில் இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி, முறிந்த முள்ளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரைக் கிலோமீட்டரில் மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.

இவ்வளவையும் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் என் பொழுதுபோக்கு அல்ல. எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படித்த ஒரு மாணவி ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரிலிருந்து வருகிறாள். சைக்கிள் கிடைத்தும் ஓட்டி வரவில்லை. காரணம் கேட்டபோது அவளுடைய அப்பா நேராகவே சொன்னார்: “சார், ரோட்டுல ஜல்லி லாரி போற வேகத்தப் பாத்திருக்கீங்கள்ல? எம் புள்ளய எப்படி விடுவேன்?” அவர் சொன்னது நியாயம். அந்தச் சாலையில் தார் முடியும் இடத்தில் ஒரு சாண் பள்ளம், ஒதுங்கினால் சறுக்கும். பேருந்தைத் தவறவிட்ட நாளெல்லாம் அந்தப் பெண்ணுக்கு விடுப்புதான். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அன்றைக்குப் பழகிய அம்மாக்களின் பேத்திகளிடம் இன்று சைக்கிள் இருக்கிறது, ஓட்டத்தான் வழியில்லை.

அவள் ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே இரண்டு கண்மாய்கள். ஒன்றின் கலிங்கு நீர் மற்றொன்றுக்குப் போகிறது. ஒரு சனிக்கிழமை அவளும் அவள் அப்பாவும் இன்னும் நான்கு பிள்ளைகளுமாக நடந்து பார்த்தோம். பிறகு சைக்கிளில். சாலை வழியைவிட முக்கால் கிலோமீட்டர் கூடுதல். லாரி ஒன்றுகூட இல்லை. இடையில் ஒருவருடைய பட்டா நிலத்து வரப்பு வருகிறது. அவரிடம் கேட்டோம். “வெள்ளாமையில ஏறாம போனாச் சரி” என்றார். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்பதால் மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து வருவது என்று பெற்றோர்கள் முடிவு செய்தார்கள். இப்போது அந்த ஊரிலிருந்து ஏழு பேர் அந்த வழியில் வருகிறார்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டொரு வார்த்தை. தலைமை ஆசிரியர் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும். நார்த்தாமலை போனால் சைக்கிளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, விஜயாலய சோழீச்சரத்துக்கு நடந்தே ஏறுங்கள். அந்தப் பாறை சக்கரத்துக்கானது அல்ல. எல்லாவற்றையும்விட, தண்ணீர். கண்மாயிலோ கைவிட்ட கல்குவாரியிலோ பிள்ளைகள் குளிக்க இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் சிராய்க்கும், அது ஆறிவிடும். குவாரிப் பள்ளத்தின் ஆழம் யாருக்கும் தெரியாது. அதனால் என் தடங்களில் குவாரி ஓரம் போகும் எதையும் நான் சேர்ப்பதே இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வழியை வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். மடை, கலிங்கு, பனைமரம், நாய் துரத்தும் வீடு எல்லாம் அதில் உண்டு. திசையும் அளவையும் சரியாகவே இருக்கின்றன. ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு கண்மாய்க்கும் நடுவே வாரி குறுக்கிடும் இடம் அது. மழைக்காலத்தில் ஆறு வாரம் அங்கே கடக்க முடியாது. ஏழு பேரும் மறுபடி சாலைக்குப் போக வேண்டும். இரண்டு சிமெண்டுக் குழாய் பதித்து மேலே மண் போட்டால் வேலை முடிந்தது. ஜனவரி 26 கிராம சபையில் அந்த வரைபடத்தைக் காட்டிப் பேசப்போவதாக அந்த மாணவியின் அப்பா சொல்லியிருக்கிறார். நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.