யாழ்ப்பாணம் டூர்: கப்பலா, விமானமா?

லீவுக்கு யாழ்ப்பாணம் போகணும்னு ஆசையா? தமிழ்நாட்டிலிருந்து நேரடியாகப் போக இரண்டு வழி இருக்கு.

ஒன்று, நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கிய சேவை. சுமார் 110 கி.மீ. கடல் பயணம், ஏறக்குறைய 4 மணி நேரம். இறங்கினால் யாழ்ப்பாணம் நகரம் 20 கி.மீ.க்குள்தான். டெல்டா மாவட்டத்துக்காரங்களுக்கு ரொம்ப வசதி.

இரண்டாவது, சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம். சென்னையிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீங்க, மாதத்தையும் பாருங்க. வடகிழக்குப் பருவமழையில் கடல் சீறினால் கப்பல் நின்றுவிடும். போன வருஷங்களில் நவம்பர், டிசம்பரில் சேவையே நிறுத்தப்பட்டிருக்கு. திரும்பி வந்ததும் பரீட்சை, வேலைன்னு இருந்தால், அந்த நேரத்தில் விமானமே நல்லது. கப்பல்தான்னா, கையில் இரண்டு நாள் கூடுதலாக வச்சுக்கோங்க. ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமான்னு முன்பதிவுக்கு முன்பே படிச்சுப் பாருங்க.

எதில் போனாலும் இது வெளிநாட்டுப் பயணம். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கை அனுமதிக்கு அந்நாட்டு அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீங்க.

நல்லபடியா போயிட்டு வாங்க!