பிள்ளைக் காம்பராவும் சிறுவர் இல்லமும்

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே காலைப் பனி விலகுமுன், முதுகிற் கூடையும் இடுப்பிற் குழந்தையுமாகத் தாய்மார் லயங்களிலிருந்து இறங்குவர். குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் ஒப்படைத்த பின்னரே மலைக்குச் செல்வர். கொழுந்து பறிக்கும் கைகள் வீட்டில் முடங்கிவிடலாகாது என்பதே இவ்வேற்பாட்டைச் செய்த துரைமாரின் முதற்கவலை. கருணை அதற்குப் பின்னரே. எனினும் அதனால் ஒரு நன்மை விளைந்தது: கூலிக்காகப் பகலிற் பிரிந்த தாயும் பிள்ளையும் இரவில் ஓரிடத்தில் உறங்கினர். 1992இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளிடம் சென்றபோது தோன்றிய, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படும் அமைப்பின் முயற்சியால் பல காம்பராக்கள் சீர்பெற்றன.

ஆனால், தாய் மலைக்குச் செல்லாது சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றால், ஆயா என்ன செய்வாள்? பிள்ளை பாட்டியின் பொறுப்பாகிறது. பாட்டி தளர்ந்தால் மூத்த பெண் பள்ளியை விடுகிறாள். அதுவும் இயலாதபோது சிறுவர் இல்லத்தின் கதவு தட்டப்படுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வெளிநாடு செல்லலாகாது என 2013இல் அரசாங்கம் விதித்தது. 2022இல் அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைந்தது. தடைவிதித்தல் எளிது. அவளை வெளியே துரத்திய கடனையும் குறைந்த கூலியையும் அவ்விதி தொடவில்லை.

இல்லங்களுக்குரிய சட்டம் 1941இல் அநாதைகளை எண்ணி இயற்றப்பட்டது. இலங்கையின் இல்லங்களில் வாழும் சிறுவருட் பெரும்பாலோர்க்கோ தாயோ தந்தையோ, சிலருக்கு இருவருமோ உயிரோடிருக்கின்றனர். வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்தினின்று பிரித்தலாகாது என ஐக்கிய நாடுகள் சபை 2009இல் நெறி வகுத்தது. இலங்கையும் 2019இல் மாற்றுப் பராமரிப்புக் கொள்கையொன்றை ஏற்றது.

கொள்கை லயத்தின் படியேறுவது எவ்வாறு? நன்னடத்தை உத்தியோகத்தர் இல்லத்தில் இடம் தேடுமுன், அக்குடும்பத்துக்கு எது குறைகிறது என்று விசாரித்தல் வேண்டும். பாட்டிக்கு மாதந்தோறும் ஒரு தொகை. மாலைக் கொழுந்து நிறுத்து முடியும்வரை திறந்திருக்கும் காம்பரா. குடிபோதையில் வீழ்ந்த தந்தைக்குச் சிகிச்சை: பல வீடுகளில் வேண்டப்படுவது இவ்வளவே. இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் இல்லத்தில் வைத்துப் பேணுவதைவிட மிகுதியாகாது. காம்பராவோ ஐந்து வயதுவரைதான். ஆறு வயதுப் பிள்ளை பள்ளி விட்டு நண்பகல் கடந்து லயம் திரும்புகையில், தாய் இன்னும் மலையில் நிற்கிறாள்.